பூசாமல் விட்ட வெள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு இது. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நான் பகிர்ந்த ஜப்பானியப் பனி ஓவியத்துக்கு நிறையப் பேர் விருப்பக்குறி போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கருத்துகளில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. "படம் நல்லா இருக்கு டீச்சர், ஆனா டல்லா இருக்கு." ஒருவர், "கலர் போட மறந்துட்டாரா டீச்சர்?" என்று கேட்டுச் சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். என் தம்பி மகன் ஒரு படி மேலே போய், செல்போனில் ஏதோ ஒரு செயலியில் போட்டு அதைப் பளபளப்பாக்கி, "இப்பப் பாருங்க அத்தை, படத்துக்கு உயிர் வந்திருச்சு" என்று குடும்பக் குழுவில் அனுப்பினான். அதற்கு இருபது பேர் கைதட்டல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் நிறம் குறைவாக இருப்பது வரைந்தவர் யோசித்து எடுத்த முடிவு. அந்த முடிவை மாற்றிவிட்டு, மாற்றிய படத்தை அவர் பெயரிலேயே சுற்றுக்கு விடுவது சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன். போன வாரப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம் எது என்று பார்ப்போம். வரைந்தவர் ஹிரோஷிகே. 1797இல் பிறந்து 1858இல் மறைந்தவர். இன்றைய டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். அங்கே தீயணைப்புப் பணியில் இருந்த, பெரிய வசதியில்லாத ஒரு சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர். எடோவிலிருந்து கியோட்டோ வரை சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு டோக்காய்தோ என்ற பெருவழி இருந்தது. வழியில் பயணிகள் தங்கிப் போக 53 ஊர்கள். அந்த 53 ஊர்களோடு புறப்படும் இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும் சேர்த்து 55 படங்களாக வரைந்தார். 1833, 1834 வாக்கில் அவை வெளிவந்தன. அதில் 15ஆவது ஊர் கம்பரா. படத்தின் தலைப்பு, 'கம்பரா, இரவுப் பனி'.

அளவு பெரிதில்லை. சுமார் 25 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம். நம் ஏ4 தாளை விடச் சற்றுப் பெரியது. அரண்மனைச் சுவரில் மாட்டுவதற்கு என்று செய்ததும் இல்லை. மரக்கட்டையில் செதுக்கி, நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கடையில் விற்றார்கள். ஒன்றிரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடுகிற காசுக்குச் சாதாரண மக்கள் வாங்கிப் போனார்கள்.

இப்போது படத்தைப் பாருங்கள். இரவு. பனி கொட்டிக் கிடக்கிறது. நடுவில் பனி மூடிய கூரைகள், ஒன்றை ஒட்டி ஒன்று. பின்னால் மலை. முன்னால் சரிவான பாதையில் மூன்று பேர். இடப்பக்கம் ஒருவர் பாதி மடங்கிய குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, கோல் ஊன்றி, குனிந்து போகிறார். வலப்பக்கம் இரண்டு பேர் அதே மாதிரிக் குனிந்து, எதிர்த் திசையில் மேடேறுகிறார்கள். மூவரில் ஒருவர் முகமும் நமக்குத் தெரியாது. குடையும் தொப்பியும் மறைத்துவிடுகின்றன.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கட்டைவிரலால் அந்த இடப்பக்கத்து ஆளை மட்டும் மறையுங்கள். மிச்சமிருப்பது இரண்டு பேர் மலையேறும் படம், அவ்வளவுதான். விரலை எடுங்கள். உடனே ஒரு கதை வந்துவிடுகிறது. இவர்கள் சற்று முன்தான் ஒருவரையொருவர் கடந்திருக்க வேண்டும். பேசினார்களா? தெரியாது. இந்தக் குளிரில் நின்று பேச யாருக்கு முடியும்! இனி ஒவ்வொரு அடிக்கும் அவர்களுக்கு நடுவில் உள்ள தூரம் கூடிக்கொண்டே போகும். அந்தப் பிரிவைச் சொல்ல ஹிரோஷிகே ஒரு கோடுகூட அதிகமாகப் போடவில்லை. ஆட்களை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்தார். படத்தின் அமைப்பு என்று சொல்கிறோமே, அது இதுதான்.

இரண்டாவது சோதனை. மூவரையும் மறைத்துவிட்டுப் பாருங்கள். கூரையும் மலையும் எவ்வளவு பெரியவை என்று கண்ணுக்குப் பிடிபடாது. விரலை எடுத்தால், அத்தனை பெரிய பனிக்கு முன்னால் மனிதர்கள் எவ்வளவு சிறியவர்கள் என்று தெரிகிறது.

நிறத்துக்கு வருகிறேன். அந்த மூவரின் உடையிலும் குடையிலும்தான் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் நீலம். மற்றதெல்லாம் கறுப்பு, சாம்பல், வெள்ளை. முழுப் படத்திலும் வெதுவெதுப்பாகத் தெரிவது அந்த மனிதர்கள் மட்டும்தான். வானத்திலும் வீடுகளிலும் நிறம் இருந்திருந்தால் நம் கண் அவர்களிடம் இவ்வளவு சீக்கிரம் போயிருக்குமா?

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்தப் படத்தில் பனிக்கென்று ஒரு நிறம் பூசவே இல்லை. நீங்கள் பார்க்கும் வெள்ளை, வெறும் தாள்!

இது எப்படி என்று புரிய, அச்சடித்த முறை தெரிய வேண்டும். ஓவியர் கோட்டுப்படம் வரைந்து தருவார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரக்கட்டையில் ஒட்டி, கோடுகள் மேடாக நிற்கும்படி மற்ற இடங்களைச் செதுக்கி எடுப்பார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை. கட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் வெட்டியிருக்கும். எத்தனை தடவை தாளை வைத்தாலும் அந்த அடையாளத்தில் பொருத்தி வைத்தால் நிறம் கோட்டை விட்டு விலகாது. அச்சடிப்பவர் கட்டையில் மை தடவி, கோசோ என்னும் செடியின் பட்டை நாரில் செய்த தாளை மேலே விரித்து, மூங்கில் மட்டையால் போர்த்திய வட்டமான தேய்ப்பானால் முதுகுப்பக்கம் அழுத்தித் தேய்ப்பார். இயந்திரம் கிடையாது. எல்லாம் கைதான்.

அப்படியென்றால் கூரை மேல் பனி எப்படி வந்தது? அந்த இடத்தில் எந்தக் கட்டையும் படவில்லை. வானத்தில் விழும் பனித்துளிகள்? வானத்துக்கான கட்டையில் அந்தப் புள்ளிகளைக் குழிவாகச் செதுக்கிவிட்டார்கள். மை படாத இடம் துளியாக நிற்கிறது. யோசித்துப் பாருங்கள். இந்தப் படத்தில் பனி 'வரைந்த' பொருள் இல்லை. சுற்றியிருப்பதை எல்லாம் அச்சடித்து, பனியை விட்டு வைத்திருக்கிறார்கள். எதை விடுவது என்று முதலிலேயே தெரிந்திருந்தால்தான் இது முடியும். ரப்பர் வைத்து அழித்துச் சரிசெய்கிற வேலை இல்லை.

வானத்தைக் கவனியுங்கள். நான் பகிர்ந்த படத்தில் உச்சியில் கன்னங்கறுப்பு. கீழே வர வர இளகிச் சாம்பலாகிறது. இதற்கு ஜப்பானிய மொழியில் பொகாஷி என்று பெயர். கட்டையை ஈரமாக்கி, ஒரு பக்கம் மட்டும் மையை வைத்து, தூரிகையால் இழுத்துக் கரைத்து, காய்வதற்குள் தாளில் எடுத்துவிட வேண்டும். இந்த நிறச்சாயல் கட்டையில் செதுக்கியது இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் அச்சடிப்பவர் புதிதாகச் செய்வது. அதனால் இரண்டு தாள்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது.

இதே படத்தின் அச்சுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கறுப்பு உச்சியில் இருந்து இறங்கும். இன்னொன்றில் கூரைகளுக்கும் மலைக்கும் பின்னால் கறுப்பு அடர்ந்து, மேலே போகப் போக வெளுக்கும். முதலாவதைப் பார்த்தால் இரவு ஒரு மூடி மாதிரி ஊரின் மேல் இறங்குவது தெரிகிறது. இரண்டாவதில் மலையின் வெள்ளை பளீரென்று முன்னால் வருகிறது. அதே கோடு, அதே கூரை, அதே மூன்று பேர். கறுப்பை எந்தப் பக்கம் கரைத்தார்கள் என்பதில் மட்டும் வித்தியாசம். படத்தின் மனநிலையே மாறிவிடுகிறது. என் ஓட்டு முதல் வகைக்கு. அந்தக் கனம்தான் மூவரின் முதுகையும் வளைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இனி தம்பி மகனின் கைவண்ணத்தைப் பார்ப்போம். கோபித்துக்கொள்ளாதேடா தங்கம், பாடத்துக்கு நல்ல உதாரணமாக அமைந்துவிட்டது. அந்தச் செயலி வானத்தை ஒரே சீரான கருநீலம் ஆக்கியிருக்கிறது. பனிக்கு நீலமான ஒரு மினுமினுப்பு. ஜன்னல்களில் மஞ்சள் விளக்கு. குடைக்குள் மறைந்திருந்த பெரியவருக்கு முகம் கொடுத்து, மீசையும் கொடுத்திருக்கிறது! பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. வாழ்த்து அட்டைக்கு நன்றாக இருக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள். உச்சியிலிருந்து கரைந்து வந்த இருட்டு போய்விட்டது. வெறும் தாளாக இருந்த பனி போய்விட்டது. ஜன்னலில் விளக்கு வந்ததால் கண் அங்கே ஓடுகிறது, மனிதர்கள் இரண்டாம் பட்சம் ஆகிவிட்டார்கள். முகம் வந்ததால், யாராக வேண்டுமானாலும் இருந்திருக்கக்கூடிய அந்த ஆள் யாரோ ஒருவராகிவிட்டார்.

அந்தத் தாளில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறது. அச்சிட்டவர் பெயர் இல்லை. வானத்து இருட்டைக் கையால் கரைத்துக் கொண்டுவந்தது அந்தப் பெயரில்லாத தொழிலாளி. அவர் வேலை என்று அந்தப் படத்தில் தனியாகத் தெரிவது பெரும்பாலும் அந்த ஒன்றுதான். செயலி முதலில் துடைத்துப் போட்டதும் அதைத்தான். எனக்கு வருத்தம் அங்கேதான்.

இதற்கு மூன்று பதில்கள் வந்தன. மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பதில்: "பழைய படம் டீச்சர், வெளுத்துப் போயிருக்கும். நாங்க பழையபடி ஆக்கினோம்." நல்ல கேள்வி. ஜப்பானிய அச்சுகளில் சில செடிச் சாயங்கள் வெயிலில் வெளுப்பது உண்மை. தாளும் வயதாகிப் பழுப்பேறும். ஆனால் இந்தப் படத்தின் பெரும்பகுதி கறுப்பும் சாம்பலும். அது புகைக்கரியும் பசையும் சேர்ந்த சுமி மை. கரி வெளுக்காது. வானம் ஒருகாலத்தில் நீலமாக இருந்து சாம்பலாகவில்லை.

நீலம் கிடைக்காமலும் இல்லை. பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த பிரஷ்யன் நீலம் கப்பல் வழியாக ஜப்பானுக்கு வந்து, 1830 வாக்கில் அச்சகங்களில் தாராளமாகப் புழங்கியது. ஹொக்குசாயின் புகழ்பெற்ற பேரலைப் படத்தில் இருப்பது அந்த நீலம்தான். ஹிரோஷிகேயும் இதே 55 படங்களில் வானத்துக்கும் தண்ணீருக்கும் அதை அள்ளிப் பூசியிருக்கிறார். பல நிற அச்சு 1765இலேயே வந்துவிட்டது. ஆக, 1833இல் நிறமும் இருந்தது, தொழில்நுட்பமும் இருந்தது, வாங்குபவர்களுக்கு நீலத்தின் மேல் ஆசையும் இருந்தது. அத்தனையும் கையில் இருந்தும் கம்பராவின் வானத்துக்கு அவர் அதைத் தொடவில்லை. இதை மறதி என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் பதில், கூகுளில் தேடிப் பார்த்த ஒரு மாணவியிடமிருந்து. "கம்பரா கடற்கரை ஊர் டீச்சர், இதமான தட்பவெப்பம், அங்க இப்படிப் பனி கொட்டாதாம். அவரே பொய்யாத்தானே வரைஞ்சிருக்கார்? அவர் மாத்தலாம், நாங்க மாத்தக் கூடாதா?" சபாஷ்! இப்படிக் கேட்கும் பிள்ளைகள்தான் எனக்கு வேண்டும்.

கம்பரா சுருகா விரிகுடாவை ஒட்டிய ஊர்தான். அங்கே கனத்த பனி அபூர்வம். ஹிரோஷிகே கற்பனை செய்திருக்கிறார். ஆனால் மொத்த வரிசையையும் பாருங்கள். மிஷிமாவில் காலை மூடுபனி. யொக்காய்ச்சியில் காற்று, ஒருவர் பறந்துபோன தொப்பியைத் துரத்துகிறார். ஷோனோவில் திடீர் மழை. பயணம் என்றால் வெயிலும் உண்டு, மழையும் உண்டு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வானிலையைப் பங்கிட்டிருக்கிறார். ஷோனோவைக் கம்பராவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் எப்படி யோசித்தார் என்று புரியும். ஷோனோவில் எல்லாமே சாய்வு. சரிவு ஒரு பக்கம் சாய்கிறது, மழைக்கோடு வேறு பக்கம் சாய்கிறது, பின்னால் மூங்கில்கள் கோடே இல்லாமல் சாம்பல் நிழல்களாக வளைகின்றன, ஆட்கள் சிலர் ஏறவும் சிலர் இறங்கவும் ஓடுகிறார்கள். சத்தம் காதில் விழுகிற படம் அது. கம்பராவில் சத்தமே இல்லை. ஒரு குறும்பும் சொல்லட்டுமா? ஷோனோவின் முதல் அச்சுகளில் ஓடுகிறவர் குடையில் பதிப்பாளர் பெயரையும் படவரிசையின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து விளம்பரம்!

அவர் மாற்றினார், ஒத்துக்கொள்கிறேன். மாற்றியதைத் தன் பெயரில் வெளியிட்டார். கம்பராவில் பனி இருந்ததா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையது. தம்பி மகன் மாற்றியது ஹிரோஷிகே பெயரில் போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

மூன்றாம் பதில்: "வான் கோவே ஹிரோஷிகேயைக் காப்பி அடிச்சுக் கலரைக் கூட்டினாரே!" ஆமாம். ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட, பாலத்தின் மேல் மழை கொட்டும் படத்தை 1887இல் வான் கோ எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். நிறங்களைக் கூட்டினார். சுற்றி ஒரு சட்டம் வரைந்து, வேறு அச்சுகளில் பார்த்த ஜப்பானிய எழுத்துகளால் அதை நிரப்பினார். அந்தப் படம் இன்று ஆம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வான் கோ படம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஹிரோஷிகேயின் மெல்லிய மழைக்கோடுகளைத் தடித்த எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவர அவர் கையால் பாடுபட்டிருப்பது தெரிகிறது. என்னைக் கேட்டால் மழை ஹிரோஷிகேயிடம்தான் நனைக்கிறது. ஆனால் வான் கோ யாரையும் ஏமாற்றவில்லை. அசலும் அழியவில்லை, நகலும் நகலாகவே நிற்கிறது.

இதை இவ்வளவு நீட்டி எழுத ஒரு காரணம் உண்டு. ஏழாம் வகுப்புப் படிக்கும் நம் வீட்டுப் பேத்தி ஒருத்தி, பள்ளிச் செயல்திட்டத்துக்குக் குடும்பக் குழுவில் கிடைத்த அந்த மினுமினுப்புப் படத்தை ஒட்டி, கீழே அழகான கையெழுத்தில் 'ஹிரோஷிகே, ஜப்பான்' என்று எழுதியிருக்கிறாள். குழந்தை மேல் குற்றமே இல்லை. பெரியவர்கள் அனுப்பியதை நம்பினாள். அவள் மனதில் ஹிரோஷிகே என்றால் இனி மஞ்சள் ஜன்னலும் மீசையும்தான். ஒரு வீட்டில் நடந்தது இது. எத்தனை வீடுகளில், எத்தனை படங்களுக்கு நடக்கிறதோ!

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் படம் வரையும்போது நாம் என்ன சொல்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். "ஏன் இங்க காலியா விட்டே? பேப்பர் முழுக்கக் கலர் அடி." வண்ணம் தீட்டும் போட்டிகளில் வெள்ளை தெரிந்தால் மதிப்பெண் குறையும் என்று பயம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கண்ணுக்குக் கம்பரா முடிக்காத படமாகத்தான் தெரியும். டல் என்று சொன்ன உங்களை நான் குறை சொல்லவில்லை. கண்ணைப் பழக்கியது நாம் எல்லோரும் சேர்ந்துதான். எங்கே நிறம் தேவை, எங்கே தேவையில்லை என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். "இங்க ஏன் விட்டே?" என்று கேட்டால் அதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தால் போதும். அது நிறைவான படம்.

ஆகவே இரண்டே வேண்டுகோள்.

ஒன்று, படத்தை மாற்றி விளையாடுங்கள், தடையே இல்லை. ஆனால் அனுப்பும்போது, 'ஹிரோஷிகே படத்தை வைத்து நான் மாற்றியது' என்று ஒரு வரி போடுங்கள். பக்கத்திலேயே அசலையும் வையுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் போன்றவை தங்கள் இணையத்தளத்தில் நல்ல தெளிவான படங்களை இலவசமாகவே வைத்திருக்கின்றன.

இரண்டு, வீட்டில் பிள்ளை இருந்தால் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "வெள்ளைப் பூனை ஒண்ணு வரை, ஆனா பூனை மேல பென்சில் படக்கூடாது" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் திருதிருவென்று முழிக்கும். கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் இருட்டைத் தீட்ட ஆரம்பிக்கும். பூனை தானாக வெளியே வரும். அதற்குப் பிறகு கம்பராவைக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பிள்ளைகள் வரைந்த பூனைகளைக் கீழே கருத்தில் போடுங்கள். பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்